சுடப்படாத நான்கு தகடுகள்

என் பெயர் ராக்கம்மை. வயது 41. கணவர் பெயர் சொக்கலிங்கம். சொந்த ஊர் தேவகோட்டை. தற்போது ஹோ சி மின் நகரம், தாவோ தியென் பகுதியில், ஆற்றை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒன்பதாம் தளத்தில் வசிக்கிறேன். நகரின் வடமேற்கே குச்சி என்னும் பகுதியில் உள்ள, குண்டு துளைக்காத தகடு செய்யும் தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகளாகத் தரச் சோதனைப் பொறுப்பாளராக இருக்கிறேன். 2024 மார்ச் 14ஆம் தேதி காலை பத்து மணிக்கு, இந்தியாவிலிருந்து வந்த விசாரணை அதிகாரி முன்பு, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து இதைச் சொல்கிறேன். சுருக்கமாகச் சொன்னால் போதும் என்றார். வேலையைச் சுருக்கி நான் எழுதிய ஒரு காகிதத்தால்தான் அவர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் முதலாளி இந்தியர். இந்தியத் தரைப்படையை நவீனப்படுத்தும் திட்டத்தில், வீரர்களின் பழைய கனத்த கவசத் தகடுகளுக்குப் பதிலாக எடை குறைந்தவை வாங்கியதில் ஒரு பகுதி எங்களுக்குக் கிடைத்தது. பழைய தகட்டைப் போட்டுக்கொண்டு மலையேறுகிறவர்கள் மூச்சு வாங்கிப் பாதி வழியில் கழற்றிவிடுவார்களாம். எங்கள் தகடு அதில் பாதி எடைதான். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளும்படி அதிகாரியிடம் கேட்டுக்கொண்டேன்.

நார்த் தாள்களை அடுக்கி, சூடாக்கி, இயந்திரத்தில் வைத்து அழுத்துவோம். சூடு ஆறும்வரை அழுத்தத்தை எடுக்கக் கூடாது. முன்னதாக எடுத்தால் தகடு வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே அடுக்குகள் ஒட்டாமல் பரோட்டா போலப் பிரிந்துவிடும். இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் 144 தகடுகள் கொண்ட ஒவ்வொரு தொகுதியிலும் நான்கை எடுத்து, சோதனைக் கூடத்தில் பொருத்தியிருக்கும் துப்பாக்கியால் சுட்டுப் பார்ப்போம். சுட்ட தகடு பிறகு எதற்கும் ஆகாது. மீதி 140 மட்டுமே பெட்டிக்குள் போகும்.

2023 அக்டோபர் 23ஆம் தேதி ஆயுத பூஜை. தொழிற்சாலையில் நாங்கள் தமிழர்கள் நான்கு பேர். ஆண்டுதோறும் இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு நாள் ஓய்வு கொடுத்து, மறுநாள் விஜயதசமியன்று காலையில்தான் மீண்டும் தொடுவோம். அன்று காலை நான் நகரின் நடுவில் உள்ள முருகன் கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கிக்கொண்டு, பத்தரை மணிக்குக் குச்சி வந்து சேர்ந்தேன். அதன் பிறகு பார்த்தபோது, ஆறு இயந்திரங்களிலுமாக ஒரு தொகுதித் தகடுகள் இன்னும் அழுத்தத்தில் இருந்தன. சூடு ஆறப் பிற்பகல் இரண்டாகும் என்று பணிக்குழுத் தலைவி ஹான் சொன்னார். நல்ல நேரம் பதினொன்றே முக்காலோடு முடிகிறது. ஓடுகிற இயந்திரத்துக்குப் பொட்டு வைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. நான் திறக்கச் சொன்னேன்.

ஹான் தயங்கினார். வியட்நாமியர்கள் வாசலில் வைத்திருக்கும் மண்ணின் தெய்வத்துக்குத் தினமும் ஊதுபத்தி ஏற்றுகிறவர்கள், ஆனால் அதற்காக வேலையை நிறுத்துவதில்லை. இன்னும் ஆறவில்லையே அக்கா என்று வியட்நாமிய மொழியில் இரண்டு முறை சொன்னார். நான் அவரைக் கடிந்துகொண்டேன். பிறகு அவர் ஆறையும் திறந்தார். அதன் பிறகு ஆறு இயந்திரங்களுக்கும் சோதனைத் துப்பாக்கிக்கும் சந்தனம் வைத்து, மாலை போட்டு, சுண்டல் கொடுத்தோம்.

மாலை நான்கு மணிக்குத் துறைமுகத்துக்குப் போகும் லாரி வந்துவிட்டது. ஆலை மேலாளர் காசிவிஸ்வநாதன் என் அறைக்கு வந்தார். எங்கள் பக்கத்துக்காரர்தான், காரைக்குடி.

"கப்பல் நமக்காக நிக்காது ஆச்சி. வேணும்னா துப்பாக்கிய எடுத்து நாலு சுட்டுப் பாத்துருவமா?" என்று கேட்டார்.

"பூசையில வச்சத விடியுமுன்ன எடுக்கப்படாதுண்ணே. ஆறு வருசத்துல ஒண்ணாச்சும் தவறியிருக்கா? நான் எழுதிக்கிறேன்" என்றேன்.

அதன் பிறகு முந்தைய தொகுதியின் சோதனை அறிக்கையை எடுத்து, அதிலிருந்த அளவுகளை அப்படியே எழுதி, அன்றைய தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். எந்தத் தகட்டையும் சுடாததால் 144 தகடுகளும் பெட்டிக்குள் போயின. மறுநாளாவது ஒன்றைத் திருப்பி வரவழைத்துச் சுட்டுப் பார்த்திருக்கலாம். பெட்டி கப்பலேறியதும் எனக்கு அந்த நினைப்பே போய்விட்டது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்பதை நினைத்தால் இப்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அதிகாரி இன்று ஒரு புகைப்படத்தைக் காட்டினார். தகட்டின் பின்புறம் புடைத்து, அடுக்குகள் தனித்தனியாக விரிந்திருந்தன. அதை அணிந்திருந்த வீரர் பிப்ரவரி மாதம் எல்லையில் இறந்துவிட்டார் என்றார். பெயர் கேட்டேன், சொல்ல அனுமதி இல்லை என்றார். வயது கேட்டேன், இருபத்து நான்கு என்றார். பிறகு இரண்டு காகிதங்களை எடுத்து வைத்து, "அழுத்துனது நூத்தி நாப்பத்தி நாலு, அனுப்புனதும் நூத்தி நாப்பத்தி நாலு. அப்ப நீங்க சுட்டது எதம்மா?" என்று கேட்டார். எதையுமே சுடவில்லை என்றேன்.

இதுவரை சொன்னதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். ஓரிடத்தில், மேலாளரின் வற்புறுத்தலால் நான் அறிக்கை எழுதினேன் என்று இருந்தது. அந்த வரியை அடிக்கச் சொன்னேன். அடிப்பது எனக்கு நல்லதல்ல என்றார். மேலாளர் சுட்டுப் பார்க்கலாமா என்றுதான் கேட்டார், வேண்டாம் என்றவள் நான் என்று சொன்னேன். அதன் பிறகு அந்த வரி அடிக்கப்பட்டது.

மீதி 143 தகடுகள் எங்கே என்று கேட்டேன். இன்று காலைவரை வீரர்கள் அணிந்துகொண்டுதான் இருக்கிறார்கள், என் வாக்குமூலம் போய்ச் சேர்ந்த பிறகே அவற்றைத் திரும்பப் பெற உத்தரவு போட முடியும் என்றார். நான் இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது. அதைப் பிறகு சொல்லிக்கொள்கிறேன். இதில் உள்ளது முழுவதும் நடந்தது, நான் சொன்னது. இப்போதே கையெழுத்திடுகிறேன், இப்போதே அனுப்புங்கள்.

(ஒப்பம்) சொ. ராக்கம்மை
பிற்பகல் 12.20