வலிச்சா நிறுத்திடலாம்

நாயை நடக்க அழைத்துப்போவதற்கு முன் அதன் நகத்தைப் பாருங்கள். நகம் நீண்டிருந்தால் பாதம் சரியாகப் படியாது. அந்தப் பாரத்தை இடுப்புதான் வாங்கிக்கொள்ளும். நிறையப் பேருக்கு இது தெரியாது. நீங்களும் வீட்டில் நாய் வைத்திருப்பதாகச் சொன்னீர்கள், அதனால் சொல்கிறேன். இதையெல்லாம் எழுத வேண்டாம். எழுத வேண்டியது வரும்போது நானே சொல்வேன்.

நான் வேலை பார்த்த மேடம் வீட்டு நாயை எல்லோரும் பெரியவன் என்பார்கள். மேடத்துக்கு வெளிநாட்டில் ஒரு மகன் உண்டு. அவனுக்கும் மூத்த பிள்ளை இது என்று அவருக்கு எண்ணம். பதினேழு வருடமாக அங்கே வீடு துடைக்கும் என் அம்மா மட்டும் 'பெரியவர்' என்பாள். "பெரியவர் சாப்பிட்டாச்சு, இனி நாம உக்காரலாம்" என்று சமையற்காரரிடம் சொல்லிச் சிரிப்பாள்.

பெரியவனுக்குப் பிறவியிலேயே இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தவில்லை. நான் பிசியோதெரபி முடித்துவிட்டு எட்டு மாதமாக மருத்துவமனை வாசல்களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். மேடம் கூப்பிட்டு, "மனுஷங்களுக்குப் படிச்சதை நாய்க்குச் செஞ்சா என்னம்மா? மூட்டு மூட்டுதானே" என்றார். அம்மா சிரித்தாள். நான் வேலையில் சேர்ந்தேன்.

வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒரே நீண்ட நடைக்குப் பதில் மூன்று சின்ன நடை. சிமெண்ட் தரை கூடாது, புல்லில்தான். பந்து எறிந்து விளையாட விடமாட்டேன். ஓடிய வேகத்தில் சட்டென்று திரும்பும் அந்த நொடிதான் மூட்டைத் தின்னும். கழிகளைப் புல்லில் படுக்கப்போட்டு ஒவ்வொன்றாக மெதுவாகத் தாண்டவைப்பேன். வாரம் இரண்டு நாள் நீச்சல், நீரில் உடம்பு மிதக்கும்போது மூட்டுக்குப் பாரமில்லை. காது பின்னால் சாய்ந்தால் வலிக்கிறது என்று அர்த்தம், அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன். மாடிப்படி ஆகாது என்றேன். ஒரே வாரத்தில் பின்பக்கம் மாடிக்குச் சாய்தளம் கட்டி, மேலே ரப்பர் விரித்தார்கள்.

அதற்குள் அம்மாவின் இரண்டு முட்டியும் வீங்கியிருந்தன. ஒருநாள் வாளியோடு அந்தச் சாய்தளத்தில் ஏறினாள். பாதி வழியில் மேடம் பார்த்துவிட்டார்.

"ஏய், ஈரக்காலோட அதுல ஏறாதே. பெரியவன் வழுக்கி விழுந்தா யார் பதில் சொல்றது? நீ படியில போ."

அம்மா இறங்கிப் படிக்குப் போனாள். இருபத்திரண்டு படி. நான் கழிகளை அடுக்கிக்கொண்டே எண்ணினேன். வீட்டுக்கு வரும் வழியில், "அவங்க சொன்னதும் சரிதானேடி, ரப்பர் வழுக்கும்" என்றாள். ரப்பர் வழுக்காது. அதற்காகத்தான் அதை விரிப்பதே.

போன வருடம் மேடத்துக்கு வலது முட்டியை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்தார்கள். வீடு திரும்பியதும் பயிற்சி கொடுக்க வெளியாள் வேண்டாம் என்றார். "எம் பெரியவனையே நடக்க வெச்சவ, என்னை வெக்க மாட்டாளா?"

இங்கிருந்து எழுதிக்கொள்ளுங்கள்.

பெரியவனின் இடுப்புக்குச் செய்வதும் புது முட்டிக்குச் செய்வதும் நேரெதிர். அவனுக்கு வலித்தால் நிறுத்த வேண்டும். புது முட்டியை வலிக்க வலிக்க மடக்கி நீட்ட வேண்டும், அதுவும் முதல் சில வாரங்களுக்குள். விட்டால் உள்ளே தழும்பு இறுகி, கால் இருந்த நிலையிலேயே நின்றுவிடும். முட்டிக்கு அடியில் தலையணை வைக்கக்கூடாது என்பது எங்களுக்கு ஆரம்பப் பாடம். வைத்தால் சுகமாக இருக்கும். அந்தச் சுகத்திலேயே கால் மடங்கியபடி உறைந்துபோகும்.

நான் தலையணை வைத்தேன். மெத்தென்ற தலையணை, தினமும் உறை மாற்றி. மேடம் லேசாக முகம் சுளித்தாலே, "வலிச்சா நிறுத்திடலாம் மேடம்" என்பேன். "பெத்த பொண்ணுகூட இவ்வளவு பதமா பாக்காது" என்று மகனிடம் போனில் சொல்வார். ஒருநாள்கூட நான் அவரை நோகவிட்டதில்லை. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கால் எவ்வளவு மடங்குகிறது என்று வாராவாரம் சர்ஜனுக்கு அனுப்ப வேண்டும். எழுபது டிகிரி, எண்பத்தைந்து, நூறு என்று அனுப்பினேன். உண்மையில் நாற்பதைத் தாண்டவில்லை, முழுசாக நீளவும் இல்லை. காரில் அலைந்தால் காலுக்கு ஆகாது என்று சொல்லி, நேரில் போகவேண்டிய நாட்களைத் தள்ளிப்போட்டேன். நான்காம் மாதம் சர்ஜன் வீட்டுக்கே வந்தார். முட்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி அறுக்க மேடத்தின் இதயம் தாங்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அனுபவமில்லாத பெண், தெரியாமல் செய்துவிட்டாள் என்று எழுதினால் எனக்கு நல்லது என்கிறீர்கள், வக்கீல் சார். வேண்டாம். என் அம்மா முட்டி தேய்ந்து என்னைப் படிக்கவைத்தாள். முதல் வகுப்பில் தேறினேன். தெரிந்துதான் செய்தேன்.

எதற்கு என்றால், அம்மாவுக்காக. அந்த இருபத்திரண்டு படிக்காக.

பெரியவன் நன்றாக இருக்கிறான். இப்போது சாய்தளத்தில் தானாக ஏறுகிறான். மேடத்தால்தான் யாராவது தூக்கிவிடாமல் எழ முடியாது. மகன் போனில் அழுது கேட்டுக்கொண்டதால் அம்மா இப்போது முழுநாளும் அங்கேதான். ஒரு நாளைக்கு ஆறேழு முறை குந்தி, மேடத்தைத் தன் தோளில் சாய்த்துத் தூக்கி, கழிப்பறைக்குக் கூட்டிப்போகிறாள். நேற்று ஜெயிலுக்கு என்னைப் பார்க்க வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் செய்ததை இன்னும் நம்பவில்லை. "மேடம் உன்னைக் கேட்டாங்கடி" என்றாள்.

என்ன கேட்டீர்கள்? அம்மாவின் முட்டிக்கு நான் என்ன பயிற்சி சொல்லிக்கொடுத்தேன் என்றா?

அதற்கு எங்கே நேரம்? பெரியவனுக்கே ஒரு நாளைக்கு மூன்று நடை.