ரெண்டாவது பேஸ்

— மின்னல், என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு. ரெண்டாவது பேஸை மிதிச்சியா இல்லையா?

— எதுக்கு மிதிக்கணும் மாஸ்டரக்கா? நீங்க அடிச்ச அடியில பந்து வேலி வரைக்கும் போயிடுச்சு. மூணாவது பேஸ்ல நின்ன, கம்பெனியில பட்டன் வைக்கிற நம்ம பட்டன்காரி ஹோமைத் தொட்டு ரன் எடுத்துட்டா. ஜெயிச்சாச்சு! உங்களைக் கட்டிப்பிடிக்க ஓடி வந்துட்டேன்.

— நல்லா கட்டிப்பிடிச்சே போ! நான் அடிச்சுட்டு முதல் பேஸுக்கு ஓடி வந்தா, அங்க நின்னவ ரெண்டாவதுக்குப் போயே ஆகணும்டி. போகலைன்னா, அவங்க பந்தை எடுத்துட்டு வந்து அந்த பேஸை மிதிச்சா நீ அவுட். ஏற்கெனவே ரெண்டு அவுட். உன்னோட மூணு. பட்டன்காரி எடுத்த ரன் கணக்குலயே வராது.

— இது என்ன அநியாயம்! எங்க தெருவுல ஜெயிக்கிற ரன் வந்ததும் மட்டையைத் தூக்கி எறிஞ்சுட்டு ஆடுவோம். யாரும் ஒண்ணும் கேட்டதில்லை.

— அது உங்க தெரு கிரிக்கெட். இது சாஃப்ட்பால்.

— கப்பு நம்ம கையிலதான்னு நினைச்சேன். திரும்பிப் பார்த்தா, அவங்க டீம் நெட்டைக்காரி ரெண்டாவது பேஸ் மேல பந்தோட நிக்கிறா, அம்பயர் கையைத் தூக்குறார். அப்புறம் கூடுதல் ஆட்டம் ஆடித் தோத்தோமே, அதுல நான் என்ன பண்ணேன்னே ஞாபகம் இல்லை.

— மூணு பந்துக்கும் மட்டையைக் காத்துல வீசுனே. வேற ஒண்ணும் பண்ணலை.

— அம்பயர்கிட்ட கெஞ்சிப் பார்த்தேன். எனக்குத் தெரியாது சார், யாரும் சொல்லித் தரலைன்னேன். 'தெரிஞ்சு வெச்சுக்கிறது ஆடுறவங்க பொறுப்பும்மா'ன்னுட்டுப் போயிட்டார்.

— சரியாத்தான் சொல்லியிருக்கார். ஆளுக்கு ஒரு விதிப் புத்தகம் கொடுத்தேனே! சொல்லு பார்ப்போம், உன்னோடது எங்க?

— அது... ஃப்ரிட்ஜ் காலுக்கு அடியில.

— என்னது?

— ஃப்ரிட்ஜ் ஆடுச்சுக்கா. அந்தப் புத்தகம் அளவா இருந்துச்சு, மடிச்சு வெச்சேன். அதுவும் பிரயோஜனமில்லை, ஒரு வாரமா மறுபடி தடதடங்குது.

— அடிப்பாவி! நான் கட்டிங் டேபிள்ல அளவெடுக்காம துணியில கத்திரி வெச்சா நீ சும்மா இருப்பியா? அந்தச் சட்டையைத் தைக்க மாட்டேன்னு என் தலையிலேயே வீசுவே. இங்க மட்டும் கண்ணை மூடிட்டு ஓடுவியா?

— திட்டுங்க. நல்லா திட்டுங்க. நாளையிலேர்ந்து திட்ட நான் இருக்க மாட்டேன்.

— என்ன உளர்றே?

— போன வருஷம் பந்து பட்டு விரல் வீங்கி தையல் மெஷின்ல உட்கார முடியாமக் கிடந்தேனே, அப்போலேர்ந்து அம்மா 'விடு, விடு'ன்னு ஒரே பாட்டு. நான்தான் வீம்புக்கு, இந்தத் தடவை கப்பு வாங்கலைன்னா இனி மட்டையையே தொட மாட்டேன்னு அம்மா தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டேன்.

— ஐயையோ! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!

— ஜெயிப்போம்னு நினைச்சேன்க்கா. ஜெயிச்சோம்ல? ஒரு நிமிஷம் ஜெயிச்சோம்ல?

— அழாதே. இந்தா, தண்ணியைக் குடி. எனக்கு ஒண்ணுதான் புரியலை. எதிர் டீமும் தோத்துட்டோம்னு தலையைத் தொங்கப் போட்டுட்டுக் கிளம்பிட்டாங்க. பந்து புல்லுல அநாதையாக் கிடந்துச்சு. அப்போ பார்வையாளர் பக்கமிருந்து ஒரு பொம்பளைக் குரல், 'ரெண்டாவது பேஸ், ரெண்டாவது பேஸ்'னு. அதைக் கேட்டுத்தான் நெட்டைக்காரி திரும்பினா.

— அந்த மகராசி மட்டும் என் கையில கிடைக்கட்டும். அவ வாயைத் தைச்சு விட்டுடறேன், டபுள் தையல்.

— உஷ். யாரோ வர்றாங்க.

— உள்ள வரலாமா?

— அம்மா! நீ எங்க இங்க? இந்த மைதானத்துப் பக்கமே வர மாட்டேன்னியே!

— வந்தேன். ஓரமா நின்னு பார்த்தேன். எழுந்திருடி, வீட்டுக்குப் போலாம்.

— வாங்கம்மா, உட்காருங்க. தொண்டை ஏன் இப்படிக் கட்டிக் கிடக்கு? காலையில போன்ல பேசினப்போ நல்லாத்தானே இருந்தீங்க?

— ஒண்ணுமில்லை மாஸ்டரம்மா. கொஞ்சம் கத்திட்டேன்.

— கத்தினியா? எதுக்கும்மா கத்தினே?

— ஃப்ரிட்ஜுக்கு அடியிலேர்ந்து அந்தப் புத்தகத்தை உருவிப் படிச்சேன்டி. எங்கெங்க நின்னா உனக்கு அடிபடும்னு தெரிஞ்சுக்கலாம்னு பிரிச்சேன், அப்படியே முழுசும் படிச்சுட்டேன்.

— அம்மா... அது நீயா? நீதான் கத்தினியா?

— ஆமா.

— நான் ஆட்டத்தை விடணும்னு எதிராளிக்குக் காட்டிக் கொடுத்துட்டியா? பெத்தவ பண்ற காரியமா இது?

— அவங்களை யாரு கூப்பிட்டா? 'ரெண்டாவது பேஸ், திரும்பிப் போய்த் தொடுடி'ன்னு தொண்டை கிழிய உன்னைத்தான்டி கூப்பிட்டேன்.