கட்டு அவிழ்ப்பு விழா

அருஞ்சுனை: ஜெகதீஸ்வரி கால் கட்டா? அதை அவுத்து ரெண்டு வாரமாச்சே அண்ணாச்சி.

வெள்ளத்துரை: அவுத்தாச்சா! யாரைக் கேட்டு அவுத்தீக?

அருஞ்சுனை: கணுக்காலைக் கேட்டுத்தான். வீக்கம் வத்திருச்சு, அவுத்துட்டேன். பிசியோதெரபி பாக்குறவ வேற யாரைக் கேக்க?

வெள்ளத்துரை: பந்தல்குடி வீரமங்கை மகளிர் கபடிக் கழகத்துக்கு நிறுவனத் தலைவருன்னு நான் ஒருத்தன் இருக்கேன்ல? ஏத்தா ஜெகதீஸ்வரி, நீயாவது ஒரு போன் போட்டுச் சொல்லக் கூடாதா?

ஜெகதீஸ்வரி: போட்டேன் தலைவரே. கடையில கம்பி லோடு இறங்குதுன்னு வச்சுட்டீக.

வெள்ளத்துரை: லோடு இறங்கும்போது யாராவது நல்ல சேதி சொல்வாகளா... சரி, போகட்டும். டாக்டரம்மா, மறுபடியும் ஒரு கட்டு போட்டு விடுங்க.

அருஞ்சுனை: நான் டாக்டர் இல்ல அண்ணாச்சி. பிசியோ.

வெள்ளத்துரை: இன்விடேசன்ல டாக்டர்னு அடிச்சாச்சு.

அருஞ்சுனை: என்ன இன்விடேசன்?

வெள்ளத்துரை: இந்தாங்க. அட்டையத் தொட்டுப் பாருங்க... சிவகாசியில அடிச்சது. கல்யாணத்துக்குக்கூட இப்படி அட்டை போட மாட்டாக.

அருஞ்சுனை: “வீராங்கனை ஜெகதீஸ்வரி அவர்களின் கணுக்கால்... கட்டு அவிழ்ப்பு விழா.”

ஜெகதீஸ்வரி: ஐயோ!

வெள்ளத்துரை: என்ன ஐயோ? காது குத்துனா விழா, மொட்டை போட்டா விழா, போர்வெல்ல தண்ணி வந்தா விழா. பரளச்சியில பொறந்த ஒரு புள்ளைக்குக் காலு குணமானா விழா எடுக்கக் கூடாதா? நாளைக்குக் காலையில பத்து மணி. பந்தல், மைக்கு செட்டு எல்லாம் சொல்லியாச்சு. பாப்பா கட்டோட நொண்டிக்கிட்டே மேடை ஏறுவா. சிறப்பு விருந்தினர் கட்டை அவுப்பாரு. பாப்பா நொண்டாம நாலு எட்டு வைப்பா. கைதட்டு!

அருஞ்சுனை: அதாவது, அவுக்குறதுக்காகக் கட்டணும்.

வெள்ளத்துரை: இப்பத்தான் உங்களுக்கு விழான்னா என்னன்னு புரியுது.

அருஞ்சுனை: இதுல உங்க பேரு மட்டும் ஏழு இடத்துல இருக்கே?

வெள்ளத்துரை: எட்டு. பின்னாடி திருப்புங்க.

ஜெகதீஸ்வரி: தலைவரே, நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு விருதுநகர்ல மாவட்ட டீம் செலக்சன். நான் அங்க நிக்கணும்.

வெள்ளத்துரை: செலக்சன் வருசா வருசம் வரும்த்தா. இந்த மாதிரி விருந்தினர் கிடைப்பாரா?

ஜெகதீஸ்வரி: எனக்கு வயசு வருசா வருசம் குறையாது. ஜூனியருக்கு இதுதான் கடைசி. நாளைக்கு விட்டா அவ்வளவுதான்.

வெள்ளத்துரை: மைக்கு கட்டின ஆட்டோ மூணு நாளா திருச்சுழி வரைக்கும் சுத்துதுத்தா. சொன்ன வார்த்தைய மாத்துனா வெள்ளத்துரை பேரு என்ன ஆகும்? ஃபிளெக்ஸும் கட்டியாச்சு. தூத்துக்குடி ரோட்டுல போற லாரிக்காரன் பூரா நின்னு பாத்துட்டுப் போறான். போன்ல காட்டுறேன், இருங்க... இந்தா.

அருஞ்சுனை: ...இது வலது காலுல்ல?

வெள்ளத்துரை: எந்தக் காலா இருந்தா என்ன? கால்தான?

அருஞ்சுனை: இவளுக்கு அடிபட்டது இடது கால் அண்ணாச்சி.

ஜெகதீஸ்வரி: அது நான் எடுத்த செல்பி. முன்பக்கக் கேமராவுல எடுத்தது, இடது வலதா விழுந்திருச்சு. நீங்க அதையே பத்தடிக்குப் பெருசாக்கிட்டீக.

அருஞ்சுனை: சரி, இதுல ஜெகதீஸ்வரி மூஞ்சி எங்க?

வெள்ளத்துரை: இடம் பத்தல. மேல என் படம், நடுவுல கழகத்துக் கொடி, கீழ காலு.

அருஞ்சுனை: பாக்குறவுக உங்க காலுன்னுல நினைப்பாக.

வெள்ளத்துரை: ஊரு நினைக்கிறதுக்கெல்லாம் நான் பொறுப்பில்ல. நீங்க வலது கால்லயே கட்டைப் போடுங்க, விவகாரம் முடிஞ்சிரும்.

ஜெகதீஸ்வரி: நல்ல காலுக்குக் கட்டு போட்டு, அடிபட்ட காலை ஊண்டிக்கிட்டு ரெண்டு மணி நேரம் மேடையில நிக்கணுமா?

வெள்ளத்துரை: என் வரவேற்புரை மட்டும்தான் கொஞ்சம் நீளம். அதுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்றேன்.

அருஞ்சுனை: “ஐவர் அமுக்கியும் அசராத சிங்கம்”னு ஃபிளெக்ஸ்ல போட்டிருக்கே, அது யாரு?

வெள்ளத்துரை: பாப்பாதான். நரிக்குடி டீம்ல அஞ்சு பேரு ஒரே நேரத்துல மேல விழுந்து அமுக்கி...

ஜெகதீஸ்வரி: இல்லக்கா, கிரவுண்டுல ஒரு பள்ளம்...

வெள்ளத்துரை: ஆமா, பள்ளத்துல வச்சு அமுக்கினாக.

அருஞ்சுனை: அமுக்கினா முழங்கால் போகும், தோள்பட்டை போகும். இவ கணுக்கால் எதுவோ சுத்தி இழுத்த மாதிரி மடங்கியிருந்துச்சு. ஆறு வாரமா கேக்குறேன், ஒவ்வொரு தடவையும் ஒரு கதை. உண்மையைச் சொல்லு ஜெகதீஸ்வரி, எதுல சிக்கினே?

ஜெகதீஸ்வரி: அது... பள்ளந்தான்க்கா.

அருஞ்சுனை: என்ன அண்ணாச்சி, திடீர்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டீக? என் மேசையில என்ன தேடுறீக?

வெள்ளத்துரை: ஒண்ணுமில்ல... நல்ல மேசை. தேக்கா?

அருஞ்சுனை: பிளைவுட்டு. சரி, நான் ஒரு வழி சொல்றேன். இப்ப உங்க கண்ணு முன்னாடி கடைசி டெஸ்ட்டை வைக்கிறேன். தேறிட்டா அவ விருதுநகருக்குப் போறா. தேறலைன்னா ரெண்டு கால்லயும் கட்டு போட்டு அனுப்புறேன், நீங்க இஷ்டத்துக்கு அவுத்துக்கங்க.

வெள்ளத்துரை: என்ன டெஸ்ட்டு?

அருஞ்சுனை: அந்தா கிடக்குல்ல, அடியில அரைப்பந்து வச்ச பலகை. அது மேல இடது காலை மட்டும் ஊண்டி, முப்பது விநாடி ஆடாம நிக்கணும். பெறகு தரையில அதே கால்ல பத்துக் குதி. வலிக்கக் கூடாது.

வெள்ளத்துரை: இம்புட்டுத்தானா? இதுக்கா ஆறு வாரம்?

ஜெகதீஸ்வரி: ஆறு வாரமும் சும்மா இருந்தேன்னு நினைச்சீகளா? துண்டைக் கால் விரலால சுருட்டணும். படியில குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கணும். பெருவிரலை நீட்டி அந்தரத்துல எழுத்து எழுதணும்.

வெள்ளத்துரை: எழுத்தா?

அருஞ்சுனை: கணுக்கால் நாலு பக்கமும் திரும்புறதுக்கு. அ, ஆ, இ, ஈன்னு வரிசையா எழுதச் சொல்வோம்.

ஜெகதீஸ்வரி: எழுத்து முடிஞ்சதும் பேரு எழுதினேன் தலைவரே. “விளையாட்டுச் செம்மல் வெள்ளத்துரை”ன்னு தினம் பத்துத் தடவை. உங்க பேருல இருக்குற வளைவு சுழிக்கு ஒரே வாரத்துல காலு இளகிருச்சு.

வெள்ளத்துரை: அப்படியாத்தா? பாத்தீகளா டாக்டரம்மா, என் பேருக்கே ஒரு... இரு. எம் பேரைக் காலாலயா எழுதின?

ஜெகதீஸ்வரி: மரியாதையாத்தான் எழுதினேன். பட்டத்தையும் சேத்து.

அருஞ்சுனை: ஏறு ஜெகதீஸ்வரி. ம்... ஒண்ணு, ரெண்டு, மூணு...

வெள்ளத்துரை: ஆடுது, ஆடுது!

அருஞ்சுனை: பலகைதான் ஆடுது, அவ ஆடல. பேசாம இருங்க. பத்து... பதினொண்ணு...

வெள்ளத்துரை: இதுல என்ன இருக்கு, கொக்கு கம்மாயில நிக்கலையா...

அருஞ்சுனை: அண்ணாச்சி!

வெள்ளத்துரை: சரி, சரி.

அருஞ்சுனை: இருபத்தெட்டு, இருபத்தொம்பது, முப்பது. இறங்கு. குதி. ஒண்ணு... ரெண்டு... நல்லா தூக்கி... எட்டு, ஒம்பது, பத்து. வலி?

ஜெகதீஸ்வரி: துளிகூட இல்லக்கா.

அருஞ்சுனை: தேறிட்டா.

வெள்ளத்துரை: இதையெல்லாம் டெஸ்ட்டுன்னு சொல்லிக்கிறீகளே... இதை எவனும் செய்வான்.

அருஞ்சுனை: இல்ல அண்ணாச்சி. அம்பது வயசுக்காரரு அஞ்சு விநாடி நின்னாலே பெருசு. நீங்க பாக்க மட்டும் செய்ங்க.

வெள்ளத்துரை: பாக்க மட்டுமா? பள்ளிக்கூடத்துல நான் கம்பம் ஏறினவன்! பாப்பா, இந்தா போனு. முகம் தெரியுற மாதிரி எடு. மூணு எடு.

ஜெகதீஸ்வரி: செருப்பைக் கழட்டுங்க தலைவரே. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கங்க.

வெள்ளத்துரை: எனக்கே சொல்லித் தாரியா... ம். ஏறிட்டேன். பாத்தீகளா? எண்ணுங்க.

அருஞ்சுனை: ஒண்ணு... ரெண்டு...

வெள்ளத்துரை: எடுத்தியாத்தா?

ஜெகதீஸ்வரி: சிரிங்க தலைவரே.

அருஞ்சுனை: மூணு...

வெள்ளத்துரை: ஆ... ஏ... பிடி, பிடி... ஐயோ! அம்மா! காலு, காலு!

அருஞ்சுனை: அசையாதீக! எந்தக் காலு?

வெள்ளத்துரை: இடது... இல்ல இல்ல. வலது. வலதுதான்.

அருஞ்சுனை: நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

வெள்ளத்துரை: என் காலு எனக்குத் தெரியாதாம்மா? வலது. உயிரு போகுது. கட்டைப் போடுங்க முதல்ல!

ஜெகதீஸ்வரி: அக்கா, இந்தாங்க என் கட்டு. துவைச்சு மடிச்சு வச்சிருந்தேன், திருப்பிக் குடுக்கலாம்னு.

அருஞ்சுனை: காலை இப்படி நீட்டுங்க அண்ணாச்சி.

ஜெகதீஸ்வரி: தலைவரே... ஒண்ணு கவனிச்சீகளா? மேல உங்க மூஞ்சி. கீழ கட்டு போட்ட வலது காலு.

வெள்ளத்துரை: அதுக்கென்ன?

ஜெகதீஸ்வரி: ஃபிளெக்ஸை மாத்தவே வேணாம். கட்டு இருக்கு, காலு இருக்கு, மேடை இருக்கு. விருந்தினர் வாராரு. நான் ஒருத்திதான அதிகப்படி?

வெள்ளத்துரை: ஏத்தா, வீராங்கனை விழாவுல நான் போயி காலை நீட்டுனா ஊரு சிரிக்காதா?

அருஞ்சுனை: வீராங்கனைக்குப் பயிற்சி குடுக்கும்போது தலைவருக்குக் காயம்னு சொன்னா யாரு சிரிப்பா?

வெள்ளத்துரை: பயிற்சி குடுக்கும்போது... ம். “தன் காலைக் கொடுத்துத் தங்கத்தின் காலைக் காத்த...” இருங்க, இருங்க. இது நல்லா வருதே! “காலைக் கொடுத்துக் காலைக் காத்த செம்மல்.” எழுதிக்கத்தா.

ஜெகதீஸ்வரி: கையாலதான?

வெள்ளத்துரை: கொழுப்பப் பாத்தியா இவளுக்கு! சரி, போ. நாளைக்கு எட்டு மணின்னா ஏழுக்கே போய் நில்லு. வயித்துக்கு ஏதாச்சும் சாப்பிட்டுப் போ. முதல் ரைடுலயே போனஸ் பாயிண்டுக்கு ஆசைப்படாத.

ஜெகதீஸ்வரி: ஆகட்டும் தலைவரே. பரளச்சி பஸ்ஸு வந்துரும், நான் வாரேன். வாரேன்க்கா!

அருஞ்சுனை: பாத்துப் போ. படியில ஓடாத! ...ஓடுறா பாருங்க. கேக்க மாட்டா.

வெள்ளத்துரை: நொண்டுறாளா?

அருஞ்சுனை: இல்ல. பறக்குறா. ...சரி அண்ணாச்சி, அவ போயிட்டா. காலைக் கீழ இறக்குங்க.

வெள்ளத்துரை: வலிக்குதும்மா.

அருஞ்சுனை: வீக்கம் இல்ல. தொட்டா சூடு இல்ல. கட்டுறதுக்குக் காலைத் திருப்புனேன், அப்ப உங்க மூஞ்சி வலியில சுருங்கல, செய்யுள் யோசிச்சுக்கிட்டு இருந்துச்சு. விழும்போதுகூட மெத்தை கிடக்குற பக்கமாப் பாத்துத்தான் விழுந்தீக.

வெள்ளத்துரை: நீங்க மட்டும் என்னவாம்? இந்த டெஸ்ட்டு வியாழக்கிழமையே முடிஞ்சு போச்சு. அவ தேறின சர்டிபிகேட்டு அந்தா மேசையில கிடக்கு, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு. முப்பது வருசமா கடையில எதுத்தாப்புல நிக்கிறவுக கையில இருக்குற சீட்டைத் தலைகீழா வாசிக்கிற ஆளு நான்.

அருஞ்சுனை: ...மாட்டிக்கிட்டேன். உங்களைச் சீண்டிவிட்டுப் பலகையில ஏத்துனா, ஒத்தைக் கால் கஷ்டம் புரியும், பெறகு விட்டுருவீகன்னு, மைக்கு ஆட்டோ சத்தம் கேட்டப்பவே ஜெகதீஸ்வரிதான் யோசனை சொன்னா. அப்ப எல்லாம் தெரிஞ்சேதான் ஏறினீகளா?

வெள்ளத்துரை: தெரிஞ்சேதான். ஆட்டோ கட்டி அறிவிச்சவன் சும்மா எப்படி இறங்கி வருவான்? இறங்குறதுக்கு ஒரு காயம் வேணும்ல?

அருஞ்சுனை: கௌரவத்துக்காகவா விழுந்தீக?

வெள்ளத்துரை: அதுவும்தான்... ஆனா அது மட்டும் இல்லம்மா. அன்னிக்கு அவ ஒரே ரைடுல மூணு பேரை அடிச்சா. ஆட்டம் முடியுற வரைக்கும் எனக்குப் பொறுக்கல, களத்துக்குள்ள ஓடிப்போயி பொன்னாடையைப் போட்டுட்டேன். அது கால்ல சுத்தித்தான் அவ விழுந்தா. இப்ப நீங்க அவகிட்ட எதுல சிக்கினன்னு கேட்டப்ப சொல்லிருவான்னு தலையைக் குனிஞ்சேன், அப்பத்தான் அந்தச் சர்டிபிகேட்டு கண்ணுல பட்டுச்சு. அந்தப் புள்ள அப்பவும் பள்ளம்னுதான் சொன்னா... அவ காலு நாளைக்கு விருதுநகர்ல இருக்கணும், என் காலு சும்மாத்தான கிடக்கு. என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக? இன்னும் நாலு சுத்து சுத்துங்க, பந்தல்ல கடைசி வரிசைக்கும் தெரிய வேணாமா!