அணில்முடி பிரஷை யார் தொட்டது?

— பொய் சொல்லாதீங்க. என் அணில்முடி பிரஷை யாரோ எடுத்திருக்காங்க.

— ஏம்மா, காலங்காத்தால ஆரம்பிச்சுட்டியா? அதான் மேஜை மேலயே கெடக்குதே.

— கெடக்கு. நான் வச்ச மாதிரி கெடக்கல. நேத்து மத்தியானம் தூங்கப் போறதுக்கு முன்னாடி கழுவி முடிச்சு, முடியில லேசா சோப்பைத் தடவி, முனையைக் கூராப் பிடிச்சுவிட்டுப் படுக்க வச்சேன். காஞ்சதும் விறைப்பா நிக்கணும். இப்போ தொட்டுப் பாருங்க, பூனை வால் மாதிரி மெத்து மெத்துன்னு இருக்கு.

— காத்து பட்டிருக்கும்.

— ஆமா, காத்து வந்து சோப்பை அலசிட்டுப் போச்சாக்கும்!

— எனக்கென்னம்மா தெரியும்? நான் தையல்காரன். ஊசி காணோம்னா கேளு, தேடித் தரேன். விடும்மா, வெட்ட வேண்டிய துணி மலையாக் குவிஞ்சு கெடக்கு.

— மிஷினை நிறுத்துங்க முதல்ல. நான் படம் போடுற ரூம் சாவி உங்ககிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. வேற யாருகிட்டயும் இல்ல. டீச்சருக்குத் திறந்து விட்டீங்களா?

— எந்த டீச்சர்?

— எந்த டீச்சரா! சனிக்கிழமை என்கிட்டப் படம் போடக் கத்துக்க வராளே, அவதான். அவ வர்ற அன்னைக்கு மட்டும் இஸ்திரி போட்ட சட்டை போடுறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?

— அடக் கடவுளே. தையல்காரனே கசங்கின சட்டையோட ஒக்காந்திருந்தா யாரும்மா துணி குடுப்பா?

— மத்த நாள்ல யாரும் துணி குடுக்க வர்றதில்லயா?

— விடும்மா...

— விட மாட்டேன். அவளுக்குப் பிரஷோட அருமை தெரியாது. தண்ணி டம்ளர்ல தலைகீழா நிக்க வச்சுட்டுப் பேசிக்கிட்டே இருப்பா. முனை வளைஞ்சா வளைஞ்சதுதான்னு வாய் வலிக்கச் சொல்லியாச்சு. இதைப் பாருங்க, இழுக்காமலே முடி கையோட வருது. சுடுதண்ணியில கழுவியிருக்காங்க. முடியைப் பிடிச்சிருக்கிற தகரக் குழாய்க்குள்ள பசை இளகிப் போச்சு.

— சுடுதண்ணி ஆகாதா?

— ஆகாது. ஏன் கேக்குறீங்க?

— சும்மாதான்.

— சும்மாவா? கல்யாணமான நாள்ல இருந்து பிரஷைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்ல நீங்க. இதை வாங்குன அன்னைக்குக் கூட வெளியில நின்னு கொட்டாவி விட்டுக்கிட்டு இருந்தீங்க. நான் ஒவ்வொண்ணா தண்ணியில நனைச்சு உதறிப் பாத்தேன். ஒரே உதறல்ல முடியெல்லாம் ஒண்ணு சேந்து முனை கூடணும். கடைக்காரர் மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே! ஆனா முனை கூடுனது இது ஒண்ணுதான்.

— அதான் கைக்கு அவ்வளவு வாட்டமா...

— வாட்டமா?

— வாட்டமா இருக்கும்னு சொல்ல வந்தேன்.

— என் மூஞ்சியைப் பாத்துப் பேசுங்க. உங்க கண்ணு ஏன் துணியையே மேயுது? அவ வந்தாளா, இல்லயா?

— சத்தியமா வரல.

— அப்போ இது என்ன? குழாய் ஓரத்துல கறுப்பு அப்பியிருக்கு. நுரை வெள்ளையா வர்ற வரைக்கும் கழுவுறவ நான். அதுவும் கறுப்பு! கறுப்புச் சாயத்தை நான் வீட்டுக்குள்ளயே சேக்கிறதில்ல. வெளியாள் கொண்டு வந்தாத்தான் உண்டு. இப்போ சொல்லுங்க.

— ஏம்மா... கொஞ்சம் ஜன்னல் பக்கம் வா.

— எதுக்கு?

— வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு. என்ன கலரு அது?

— கறுப்புன்னு சொன்னேனே.

— நீலம்மா அது.

— விளையாடாதீங்க. எனக்கா நீலம் தெரியாது?

— இரு. உன் கையில ஒரு சொட்டு வைக்கிறேன். இது?

— இதுவும் கறுப்புதான். எங்க இருந்து எடுத்தீங்க?

— உன் பெயிண்ட் ட்யூப்தான். மேல என்ன எழுதியிருக்கு, படி.

— ...நீலம்னு போட்டிருக்கு.

— உன் கண்ணுல புரை விழுந்திருக்கும்மா. நீலம்னு நெனச்சு பழுப்பும் சாம்பலுமாக் குழைக்கிற. வானம் சாக்கடைத் தண்ணி மாதிரி வருது. நீ மத்தியானம் தூங்கும்போது நான்தான் போய் மேல நீலத்தை மெல்லிசாப் பூசிவிடுவேன், உனக்கு வித்தியாசம் தெரியாது. துணிக்கும் நூலுக்கும் கலர் சேத்துப் பழகின கண்ணு, எப்படியோ வந்துடுச்சு. பாவம், அந்த டீச்சரை விட்டுடு.

— நீங்களா? போன மாசம் கேலரிக்காரர் வந்து, வானத்துல இப்படி ஒரு ஆழத்தை எப்படிக் கொண்டு வந்தீங்கன்னு கேட்டாரே...

— கேட்டாரு. நான் உள்ள டீ போட்டுக்கிட்டு இருந்தேன். பால் பொங்கி வழிஞ்சதைக் கூட கவனிக்கல.

— நான் பாட்டுக்கு வெக்கப்பட்டுத் தலை குனிஞ்சு நின்னேனே! எல்லாம் அனுபவம்தான்னு பெருசாச் சொன்னேனே!

— அழாதம்மா.

— நான் குருடியாப் போறேனா?

— சேச்சே, அப்படியெல்லாம் இல்ல. டாக்டர்கிட்ட விசாரிச்சேன். சின்ன ஆபரேஷன்தானாம். கட்டைப் பிரிச்சா எல்லாக் கலரும் பழையபடி தெரியும்னாரு.

— எப்போ விசாரிச்சீங்க?

— அது... போன வருஷம்.

— போன வருஷமா? அப்பவே ஏன் என்னைக் கூட்டிட்டுப் போகல? பயந்துடுவேன்னா?

— அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

— நிஜத்தைச் சொல்லுங்க.

— கோவிச்சுக்காத. உனக்குக் கண்ணு தெளிஞ்சுட்டா, அப்புறம் எனக்குப் பூச ஏதும்மா வானம்?