நாலு எண்ணும் ஆழம்

பேயாவது, பிசாசாவது! பதினெட்டு வருடமாக இந்தச் சிறையில் காவல் பார்க்கிறேன். தூக்கில் போனவன் ஒருவனும் திரும்பி வந்து என்னிடம் பீடி கேட்டதில்லை. கிட்ட வந்து உட்காருங்கள். விடிந்தால் சுவக்கினுக்குத் தூக்கு, அதுவரைக்கும் காவலுக்கு நிற்கும் நம் நாலு பேருக்கும் தூக்கம் கிடையாது. அவன் கதையை என் கூட்டாளி கிறகரி சொன்னபடியே சொல்கிறேன்.

போன வருடம், 1934. ஐப்பசி மாதம், இரவு ஏழரை மணி. குண்டசாலையில் இருந்து மகாவலி ஆற்றின் தோணித் துறைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை... மழை விட்டிருந்தது. கொக்கோ தோட்டத்தில் அழுகிய காய் நாற்றம். ஒரே ஒரு லாந்தர். முன்னால் கிறகரி. பின்னால் அவன் தங்கை டொரதி. கடைசியாகத் தோணிக்காரன் சுவக்கின்.

டொரதியின் புருஷன் யாகப்பரும் அதே துறையில் தோணி விட்டவன்தான். ஆறு மாதமாக ஆளைக் காணோம். "ஒருத்தியக் கூட்டிக்கிட்டு கம்பளை ஸ்டேசன்ல ரயில் ஏறுனான், என் கண்ணால பாத்தேன்" என்று ஊரெல்லாம் சொன்னவன் இந்தச் சுவக்கின். ஊரும் நம்பியது. ஓடிப்போனவனுக்கு ஏது இறந்தோர் பூசை என்று மாதா கோயிலிலும் கையை விரித்துவிட்டார்கள். டொரதி மட்டும் மசியவில்லை. "அவர் ஓடல. இந்த ஆத்துலதான் கெடக்கார்" என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னாள்.

கிறகரி திருகோணமலையில் கடல் அளக்கும் கப்பலில் வேலை பார்ப்பவன், லீவில் வந்திருந்தான். அந்தக் கப்பலின் அடியில் ஒரு சுத்தியல் தட்டுமாம். சத்தம் கடலடியில் பட்டுத் திரும்பும். எத்தனை நேரத்தில் திரும்புகிறது என்று பார்த்தால் ஆழம் தெரிந்துவிடும். போர்க்கப்பல்கள் நீர்மூழ்கியைப் பிடிப்பதும் ஏறக்குறைய இப்படித்தானாம். திரும்பும் நேரம் குறைந்துகொண்டே போனால், அது நம்மை நோக்கி வருகிறது என்று அர்த்தம்.

"அத வச்சு அவரத் தேடுங்கண்ணே" என்று டொரதி பிடித்த பிடியை விடவில்லை.

"பைத்தியமா ஒனக்கு? ரெண்டு ஆள் ஆழம். தட்டுன ஒடனே திரும்பிரும், காதுக்கே பிடிபடாது" என்றான் கிறகரி.

"நீங்க தட்டுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

துறையில் மிச்சம் இருந்தது சுவக்கினின் தோணி ஒன்றுதான். நடு ஆற்றில் அவன் கழியை ஊன்றித் தோணியை நிறுத்தி, நங்கூரக் கல்லை இறக்கினான். கிறகரி சுத்தியலால் அடிப்பலகையில் ஒரு தட்டுத் தட்டினான். டொக்! காதைப் பலகையில் வைத்து எண்ணினான். ஒன்று... இரண்டு... மூன்று... நாலு...

டொக். கீழேயிருந்து.

அவனுக்கு வேர்த்துவிட்டது. ஒன்று எண்ணுவதற்குள் சத்தம் தண்ணீரில் ஒரு மைல் ஓடும். போய்வர நாலு என்றால், ஆழம் இரண்டு மைல். மகாவலியிலா?

மறுபடி தட்டினான். மூன்று. இன்னொரு தடவை. இரண்டு.

"கரைக்கு விடு!" என்று கத்தினான், சுத்தியலைப் போட்டுவிட்டான். டொரதி அதை எடுத்து ஓங்கித் தட்டினாள். ஒன்று... டொக்.

அதற்கப்புறம் யாரும் தட்டவில்லை.

டொக்... சுவக்கின் நின்ற பலகைக்கு நேர் கீழே. அவன் முன்பக்கம் நகர்ந்தான். சத்தமும் நகர்ந்தது. பின்பக்கம் ஓடினான். டொக். கப்பல் மேலேயிருந்து தேடுவது போல, கீழேயிருந்து யாரோ அவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். குப்பென்று சேற்று நாற்றம்.

டொரதி அவன் கழியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"தோணி இனி நகராது. எம்புருசன் எந்த ரயில்ல ஏறுனாரு? சொல்லு. அவருக்கும் கேக்கட்டும்."

டொக். டொக். டொக்.

"நாந்தான்... தொற எனக்கு மட்டும் வேணும்னு... கழியால மண்டையில அடிச்சேன். கல்லக் கட்டி எறக்குனேன். மாதாவே, நிப்பாட்டச் சொல்லு!"

சத்தம் நின்றது.

மறுநாள் அவன் காட்டிய இடத்தில் எலும்பும் கல்லும் கிடைத்தன. ஆழம் பன்னிரண்டு அடி. பூசையும் நடந்தது. டொரதி அழுதுகொண்டே போனாளாம், ஆனால் தலை குனியவில்லை. அவளல்லவா பெண்பிள்ளை!

அவ்வளவுதான் கதை. பயமா? எனக்கா? போங்கையா! ஒன்றே ஒன்றுதான்... ராத்திரி பத்து மணிக்குச் சுவக்கின் அறைக் கதவைத் தடியால் தட்டிப் பார்ப்பது என் வேலை. நாலு நாளைக்கு முன் தட்டியபோது, அவனுடைய கல் தரைக்கு அடியில் டொக் என்றது. நமக்கென்ன பயம் என்று நானும் எண்ணிப் பார்த்தேன். நாலு. மறுநாள் மூன்று. அப்புறம் இரண்டு. நேற்று ஒன்று.

இப்போது மணி பத்தாக ஐந்து நிமிடம் இருக்கிறது. தடி இதோ என் மடியில்தான் கிடக்கிறது. நான் இன்னும் எழுந்திருக்கவும் இல்லை, கதவைத் தட்டவும் இல்லை...

உங்களுக்கும் கேட்டதுதானே?