இட்லிப் பானையில் வெந்த கட்டை

இன்று மதியம் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் சென்ற பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவளின் மடியில் பெரிய இட்லிப் பானை இருந்தது.

"என் வீட்டுக்காரரு இதுல வேப்பங்கட்டைய வேக வச்சிட்டாருக்கா."

"கட்டையவா? எதுக்குடி?"

"நாற்காலி கைப்பிடிக்கு. ஆவியில வெந்தாதான் ஒடியாம வளையுமாம்."

"அதுக்கு உன் பானைதான் கிடைச்சுதா?"

"இதான் ஆழமா இருக்குதாம். காலைல என் கடையில இட்லி பூரா கசப்பு. வாங்கினவங்க திட்டிக்கினே போனாங்க."

"அதான் பானையத் தூக்கிக்கினு அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டியா?"

"ஆமாக்கா. இனிமே அங்கயே கடை போட்டுக்கறேன்."

அவளுடைய கைபேசி ஒலித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு வைத்தாள்.

"அவரா? திரும்பி வரச் சொல்றாரா?"

"இன்னொரு கைப்பிடி பாக்கியாம். பானைய மட்டும் கண்டக்டர்கிட்ட குடுத்தனுப்பச் சொல்றாரு."