இந்துப்ரியாவுக்குத் தேவை ஏதும் இல்லை

“எம் பேருல அப்படிப் போட்டது நீங்கதானக்கா?”

“என்னது?”

“நீங்கதானன்னு கேக்குறேன்.”

“காது அடைச்சிருக்கு இந்து. கொஞ்சம் சத்தமாச் சொல்லு.”

தலைமையாசிரியர் அழகுராஜா சார் தன் அறையிலிருந்து ஓடிவந்து, “விடுங்க டீச்சர், பிள்ளைக பாக்குது, விடுங்கன்னு சொல்றேன்ல” என்று இரண்டு பேரையும் விடக் கூடுதலாகக் கத்தினார். ஐந்தாம் வகுப்பு முழுவதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. அன்றைக்கு டீ நன்றாக இருந்தது. சத்துணவு சமைக்கும் ஒச்சாயி இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். அந்த வராந்தாவில் உட்கார்ந்து டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தவள் நான் ஒருத்திதான்.

விசாரணைக்கு வந்திருக்கும் மேடம் அவர்களுக்கு, நீங்கள் எழுதித் தரச் சொன்னது ஒரே ஒரு கேள்விக்குப் பதில். ஐந்தாம் வகுப்பு ஆசிரியை இந்துப்ரியாவின் கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்பியது யார்? நான்தான். நாகஜோதி, இடைநிலை ஆசிரியை, இதே பள்ளியில் இருபத்திரண்டு வருடம். இத்தோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம். ஆனால் ஒரு விஷயத்தைப் பாதியில் நிறுத்துவது எனக்குப் பழக்கமில்லை. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அந்தக் கணக்கெடுப்பு ஆனி மாதம் வந்தது. ஆசிரியர்களுக்கு என்னென்ன தொழில்நுட்பக் கருவிகள் தேவை, அவற்றைப் பற்றி அவர்கள் மனதில் என்ன நினைக்கிறார்கள் என்று நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ‘முழுமையாக உடன்படுகிறேன்’ தொடங்கி ‘சிறிதும் உடன்படவில்லை’ வரை ஐந்து வட்டங்கள். ஒன்றைத் தொட வேண்டும். அனுப்பிவிட்டால் திருத்த முடியாது. அவரவர் தன் கையால், தன் மனதில் உள்ளதைப் போட வேண்டும் என்று சுற்றறிக்கையில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு எல்லாரும் வழக்கம்போல என்னிடம் வந்தார்கள்.

வழக்கம் என்றால் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. வாடிப்பட்டியிலிருந்து சோழவந்தான் போகிற சாலையில் எங்கள் பள்ளியையும் சேர்த்து நாலு அரசுப் பள்ளிகள். இருபத்திமூன்று ஆசிரியர்கள். இருபத்திமூன்று பேருடைய பாஸ்வேர்டும் என்னுடைய நீள நோட்டில் இருக்கின்றன. எங்கள் பள்ளியில் ஓடிபி வந்தால் அவரவர் வகுப்பிலிருந்தே கத்துவார்கள். நான் என் வகுப்பில் உட்கார்ந்து தட்டிக்கொள்வேன். “அக்கா, நாலு எட்டு ரெண்டு” என்று கத்தல் வந்தால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதையும் பாடம் என்று நினைத்துத் திரும்பச் சொல்லும். பக்கத்துப் பள்ளிக்காரர்கள் ஃபோனில் சொல்வார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

மனதில் உள்ளதைப் போடு என்றால் யார் மனதில் என்ன இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். சின்னச்சாமி சார் ஃபோன் தன்னைப் படமெடுக்கிறது என்று பயந்து அதை எவர்சில்வர் தூக்குச்சட்டிக்குள் போட்டு மூடி வைப்பவர். அவருக்கும் நாற்பது கேள்விக்கும் ‘முழுமையாக உடன்படுகிறேன்’ என்று போட்டேன். “என்னத்தா போட்ட?” என்று கேட்டார். “ஒங்களுக்குக் கம்ப்யூட்டர்னா உசுருன்னு போட்ருக்கேன் சார்” என்றேன். “நல்லதாப் போச்சு” என்று போய்விட்டார். இப்படி இருபத்திரண்டு பேருக்காகவும் நான் முழுமையாக உடன்பட்டேன். யாரும் புகார் கொடுக்கவில்லை.

மீதி ஒன்று இந்துப்ரியா.

அவள் மதுரைக்காரி. சௌராஷ்டிரக் குடும்பம். வேலை கிடைத்து இங்கே வந்தபோது தங்க இடமில்லாமல் அலைந்தாள். என் வீட்டு மாடியைக் கொடுத்தேன். இரண்டு வருடம் என் தலைக்கு மேலே குடியிருந்தாள். எங்கள் மாடித் தளம் மெல்லிசு. மேலே கரண்டி விழுந்தால் எந்தக் கரண்டி என்று கீழேயிருந்தே சொல்லிவிடுவேன். அவள் சாயங்காலம் ஆனால் தன் அம்மா நாகமணியிடம் ஃபோனில் பேசுவாள். நிச்சயம் செய்திருந்த கிரிதரனோடும் பேசுவாள். எல்லாம் அவர்கள் வீட்டுப் பாஷை. அத்தனையும் காதில் விழும், ஒன்றும் புரியாது. இரண்டு வருடம் இப்படி ஒரு வீட்டில் இருந்து பாருங்கள் மேடம்.

சித்திரையில் அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. குரல் வருகிற இடத்தில் முடிச்சு விழுந்திருந்ததாம். ஐம்பத்திரண்டு பிள்ளைகள், தகரக் கூரை, தடுப்பு இல்லாத அடுத்த வகுப்பு என்றால் யாருக்கும் விழும். எனக்கு விழவில்லை என்பது வேறு விஷயம். இடுப்பில் மாட்டுகிற ஒரு மைக்கைத் தானே வாங்கிப் பார்த்தாள். தகரத்துக்கும் அதற்கும் ஆகவில்லை. கீச்சென்று கத்தியது, பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாம் நாளே பையில் போட்டுவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கணக்கெடுப்பு வந்தது. அதை வைத்துத்தான் பள்ளிக்குப் பத்துக் கம்ப்யூட்டர் கொண்ட அறையும், அதற்கு ஒரு பொறுப்பாசிரியரும் என்று பேச்சு. எங்கள் பள்ளியில் அந்த நாற்காலி யாருக்கு என்று நான் யோசித்ததே இல்லை. பத்து வருடமாக எல்லாருக்கும் தட்டிக் கொடுப்பவள் யார்? ஒரு சனிக்கிழமை மதியம் இந்துப்ரியா ஒரு கவரோடு கீழே இறங்கி வந்தாள். மாடியில் சிக்னல் எடுக்காது, ஸ்கேன் செய்கிற மிஷினும் என்னிடம்தான் இருந்தது.

“அக்கா, லேப் கெடைச்சா பத்துப் பத்துப் பிள்ளைகளா வருவாக, காதுல ஹெட்ஃபோன மாட்டிக்கிருவாக. நான் கத்த வேண்டாம்ல. கிளாஸ்லயே இருந்தா கொரலு போயிரும், வேலைய விட்ருன்னு டாக்டர் சொல்றாரு. எனக்கு இந்த வேலைய விட்டா என்னக்கா தெரியும்?”

“இம்புட்டுத்தான? நான் பாத்துக்கிர்றேன். நீ தொண்டையக் கெடுக்காம மேல போ.”

கவரில் டாக்டர் சான்றிதழ் இருந்தது. அவள் படி ஏறுவதற்குள் படித்துவிட்டேன். உரத்துப் பேசக் கூடாது, இன்னொரு முறை ரத்தம் கசிந்தால் குரல் திரும்புவது சந்தேகம் என்று அச்சடித்திருந்தது. கூடவே அவள் கையால் எழுதிய ஒரு தாள். ‘முழுமையாக உடன்படுகிறேன்’ என்று வரிசையாக எழுதி, தேவை என்ற இடத்தில் கம்ப்யூட்டர் அறைப் பொறுப்பு வேண்டும், காரணம் இணைப்பில் உள்ளது என்று முடித்திருந்தாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. இவள் மிஷின் கற்றுக்கொண்டால் யாரும் என்னிடம் வர மாட்டார்கள் என்று அப்போது தோன்றியது. அதற்காகவும் நான் செய்யவில்லை.

கம்ப்யூட்டர் திறந்து வருவதற்குள் மேலே ஃபோன் பேச்சு ஆரம்பித்தது. கிரிதரன்தான். அவனோடு பேசும்போது மட்டும் அவள் குரலில் ஒரு குழைவு இருக்கும். அந்தப் பாஷைக்கு நடுவில் ‘நாகஜோதி அக்கா’ என்று ஒரு தடவை வந்தது. உடனே ஒரு சிரிப்பு. பிறகு இன்னொரு தடவை என் பெயர், இன்னொரு சிரிப்பு. பாஷை புரியாவிட்டாலும் என் பெயர் எனக்குப் புரியும்.

நாகஜோதி அக்கா கூடப்பிறந்த அக்கா மாதிரி என்றுதான் அன்றைக்குக் கிரிதரனிடம் சொன்னதாகத் தன் புகாரில் எழுதியிருக்கிறாள். நீங்கள் காட்டினீர்கள், படித்தேன். எழுதிவிட்டால் ஆயிற்றா? அப்படியென்றால் சிரிப்பு எதற்கு?

‘கருவிகள் என் கற்பித்தலை எளிதாக்கும்.’ சிறிதும் உடன்படவில்லை. ‘புதியவற்றைக் கற்க எனக்கு விருப்பம் உண்டு.’ சிறிதும் உடன்படவில்லை. நாற்பதும் தொட ஐந்து நிமிடம் ஆகவில்லை. வகுப்புக்குத் தேவையானது என்ற இடத்தில் ‘தேவை ஏதும் இல்லை’ என்று தட்டினேன். கடைசியில் கருத்து எழுத ஒரு பெட்டி இருந்தது. அதைக் காலியாக விட மனம் வரவில்லை. ‘இயந்திரங்களால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள். எனக்கு என் குரலே போதும்’ என்று எழுதினேன். சான்றிதழை இணைக்கவில்லை. அனுப்புவதற்கு முன் ஓடிபி அவள் ஃபோனுக்குப் போனது. குக்கர் விசில் அடிக்குமே என்று நான் அடுப்பங்கரைக்கு எழுந்து போயிருந்தேன். அவள் மாடிப்படியில் நின்று கிசுகிசுவென்று ஆறு எண்களைச் சொன்னாள். ஆறும் அடுப்பங்கரையில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டன.

ஆடியில் வாடிப்பட்டியில் ஆய்வுக் கூட்டம் நடந்தது. திரையில் பட்டியல் போட்டார்கள். இருபத்திரண்டு பேரும் சமம் என்பதால், நாலு பள்ளியிலும் தொழில்நுட்பத்தின் மேல் ஆர்வம் மிக்க ஆசிரியராக வயதில் மூத்த சின்னச்சாமி சாரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவரைக் கைதட்டி மேடைக்கு அழைத்தார்கள், அவர் தூக்குச்சட்டியோடு ஏறினார். கடைசிப் பெயர் இந்துப்ரியா. கூட்டம் நடத்தியவர் அந்தக் கருத்துப் பெட்டியை ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். இந்துப்ரியா எழுந்து நின்று ஏதோ சொன்னாள். மேலே ஆறு மின்விசிறி ஓடியது, ஒருவருக்கும் கேட்கவில்லை.

“ஒக்காருங்க டீச்சர். ஒங்களுக்குத்தான் ஒங்க கொரலே போதுமே” என்றார் அவர்.

கம்ப்யூட்டர் அறைப் பொறுப்பு எனக்கு வந்தது. வருத்தப்படுவதற்கு அதில் ஒன்றும் இல்லை, நியாயமாக வர வேண்டியதுதான்.

மறுநாள் காலை அவள் வராந்தாவுக்கு வந்தாள். அந்தச் சண்டையைத்தான் முதலில் எழுதினேன். நான் பெஞ்சில் இருந்தேன், அவள் எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றாள். முதல் தடவை மெதுவாகத்தான் கேட்டாள். நான் “என்னது?” என்றேன். இரண்டாவது தடவை கொஞ்சம் கூட்டிக் கேட்டாள். காது அடைத்திருக்கிறது என்று சொன்னது அப்போதுதான். அழகுராஜா சார் கத்தி ஓய்ந்ததும் மூன்றாவது தடவை கேட்டாள்.

“நான் எழுதிக் குடுத்த தாள என்ன பண்ணுனீங்க? எந் தொண்டையப் பத்தித் தெரிஞ்சுமா இப்படிப் பண்ணுனீங்க?”

“ஒண்ணுமே வெளங்கல இந்து. வாய்க்குள்ளயே பேசுனா எப்படி? நல்லா வாயத் தெறந்து கேளு.”

நாலாவது தடவை அவள் கேட்டது சாலையில் போன பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். வாக்கியம் முடியவில்லை. நடுவில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகு வாய் அசைந்தது, குரல் வரவில்லை. கைக்குட்டையை வாயில் வைத்து எடுத்தாள், சிவப்பாக இருந்தது. ஐம்பத்திரண்டு பிள்ளைகளும் ஒரு சத்தம் போடவில்லை. அந்த வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

ஒச்சாயி தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“ஏன்க்கா, பருப்பு கொதிக்கிற சத்தத்துல அடுப்படில இருந்த எனக்கே மொதத் தடவ கேட்ருச்சு. பக்கத்துல ஒக்காந்திருக்க ஒங்களுக்குக் கேக்கலையா?”

இதை உங்களிடமும் சொல்லியிருப்பாள். நேற்று நீங்கள் வேண்டுமென்றே குரலைத் தணித்துப் பேசி என் காதைச் சோதித்தது எனக்குத் தெரிந்தது. அந்தச் சிரமம் வேண்டாம் மேடம். எனக்கு முதல் தடவையே கேட்டது. சான்றிதழில் என்ன போட்டிருந்தது என்பதும் ஞாபகம் இருந்தது. படிவத்தை நிரப்பியது ஒரு கோபத்தில் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், நான் மறுக்கமாட்டேன். ஆனால் அவளைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னது கோபத்தில் அல்ல. அன்றைக்கு எனக்குக் கோபமே இல்லை. அந்தக் குரல் எத்தனையாவது தடவை போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சான்றிதழின் அசல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. பீரோவில் சேலைக்கு நடுவில் மடங்காமல் வைத்திருந்தேன்.

அழகுராஜா சார் மாறுதல் கேட்டு உசிலம்பட்டிப் பக்கம் போய்விட்டார். சின்னச்சாமி சார் மற்ற ஒன்றியங்களுக்குப் போய்த் தொழில்நுட்பத்தின் நன்மைகளைப் பற்றிப் பேசிவிட்டு வருகிறார். ஒச்சாயி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், டீயில் இஞ்சியும் இல்லை. இந்துப்ரியா ஆவணியில் மாடியைக் காலி செய்து மதுரைக்குப் போனாள். வேலையை ராஜினாமா செய்து எழுதிக் கொடுத்துவிட்டாள். தையில் கிரிதரனுக்கும் அவளுக்கும் கல்யாணம் நடந்தது. ஒச்சாயி போய் வந்தாள். எனக்குப் பத்திரிகை வரவில்லை. அவள் ஒரு சின்னப் பலகையில் எழுதிக் காட்டுகிறாளாம், அவன் படித்துவிட்டுப் பதில் சொல்கிறானாம். அந்த வீட்டில் சண்டை என்பதே கிடையாதாம். அதற்கு யார் காரணம் என்று இரண்டு பேரும் ஒரு நிமிடம் யோசித்ததாகத் தெரியவில்லை.

மாடி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் மேடம். சத்தம் போடாத குடும்பமாக இருந்தால் போதும்.